குடும்ப இடாப்பும் அதன் அட்டவணைகளும்

இடம்பெயர்ந்த எமது மக்களைப் பற்றி எழுதப்பட்ட பட்டியல்களுக்குக் குறைவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோது எழுதினார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்த பின்னர் எழுதினார்கள். 2009இல் வவுனியாவின் நலன்புரி நிலையங்களில் எழுதினார்கள். மீள்குடியேற்றத்தின்போதும் எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் முதலாவது பெயரிலிருந்தே தொடங்கினார்கள். முன்னைய பட்டியலோடு புதியதை ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. ஒன்றில் இருந்த பிள்ளை மற்றதில் இல்லை. ஒன்றில் குடும்பத் தலைவராக இருந்தவர் மற்றதில் இறந்துவிட்டார். அவரோடு அந்தக் குடும்பமே பட்டியலை விட்டுப் போய்விட்டது.

எழுதியவர்களின் கவலையீனம் மட்டும் இதற்குக் காரணமல்ல. பட்டியல் வகுக்கப்பட்ட முறையே பிழையானது. எமது சங்கங்களும் பங்குகளும் தமக்கென ஓர் இடாப்பை வைத்திருக்க வேண்டும் என்று இப்பக்கங்களில் பலமுறை கூறியுள்ளோம். அதை எந்த முறையில் வகுத்தால் அது மூன்று மாதத்தில் பழுதாகாமல் இருக்கும் என்பதை இங்கு விளக்க முனைகிறோம். கணனி உள்ள இடத்தில் கணனியிலும், இல்லாத இடத்தில் ஐந்து சீ.ஆர். கொப்பிகளிலும் இதைச் செய்யலாம். முறை ஒன்றுதான். வீட்டில் சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் பிள்ளை இருந்தால் அவரையும் அருகில் இருத்தி வாசியுங்கள். பாடப்புத்தகத்தில் வரும் சில சொற்களுக்கு இங்கே பொருள் தெரியும்.

ஒரே நீண்ட வரியின் குறை

வழமையான பட்டியல் எப்படி இருக்கும்? ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. தலைவர் பெயர், மனைவி பெயர், பிள்ளை 1, பிள்ளை 2, பிள்ளை 3, முகவரி, தொலைபேசி. குறுக்காக ஓடும் வரியை நிரை என்றும், மேலிருந்து கீழாக வரும் பகுதியை நிரல் என்றும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தச் சொற்களையே இங்கும் பயன்படுத்துவோம்.

ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் நான்காவது பிள்ளையை எங்கே எழுதுவது? ஓரத்தில் நெருக்கி எழுதுவோம். பிள்ளையே இல்லாத வீட்டில் மூன்று நிரல்களும் வெறுமையாகக் கிடக்கும். மூத்த மகள் கலியாணம் முடித்துப் போனால் அவள் பெயரை வெட்டுவோம். வெட்டிய பெண் எங்கே போனாள் என்பது அந்தத் தாளில் இருக்காது. பேத்தியைப் பார்க்க வந்து அங்கேயே தங்கிவிட்ட பாட்டிக்கு நிரலே கிடையாது. எத்தனை பெண் பிள்ளைகள் பத்து வயதுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று யாரும் கேட்டால், மூன்று நிரல்களையும் விரல் வைத்து எண்ண வேண்டும்.

இதற்கெல்லாம் காரணம், வேறு வேறு விடயங்களை ஒரே வரியில் திணித்தமை. குடும்பம் என்பது ஒன்று, ஆள் என்பது வேறொன்று. இடம் இன்னொன்று, தொலைபேசி மற்றொன்று. அவை ஒவ்வொன்றும் வேறு வேறு வேகத்தில் மாறுகின்றன. தொலைபேசி இலக்கம் ஆறு மாதத்தில் மாறும். முகவரி இரண்டு வருடத்தில் மாறலாம். பிறந்த திகதி ஒருபோதும் மாறாது. மாறுவதையும் மாறாததையும் ஒன்றாகக் கட்டினால், ஒன்றைத் திருத்தப்போய் மற்றதையும் குழப்பிவிடுவோம். 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கார் கொட் என்ற கணித அறிஞர் இதை ஒரு கோட்பாடாக எழுதி வெளியிட்டார். இன்றைய தரவுத்தளங்களில் பெரும்பாலானவை அதன்மேல் நிற்பவை. எமக்கு வேண்டிய அளவில் அதன் சாரம் இதுதான்: ஒரு செய்தியை ஒரே இடத்தில் மட்டும் எழுது; மற்ற இடங்களில் அதற்குரிய இலக்கத்தை மட்டும் குறிப்பிடு.

எமது மண்ணுக்கு இது முற்றிலும் புதிதல்ல. ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகளில் ஆட்களுக்கு ஒரு தோம்பும் காணிகளுக்கு ஒரு தோம்புமாக இரண்டு வகை இருந்தன. கத்தோலிக்கத் திருச்சபையிலும் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, மரணப் பதிவேடு என்பன வெவ்வேறு புத்தகங்கள். 1908 முதல் ஒருவர் எந்தப் பங்கில் திருமணம் செய்தாலும், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவித்து அங்குள்ள பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்கும் ஒழுங்கு உண்டு. இடம்பெயர்ந்த பலர் தமது பிறப்பை நிரூபிக்க இந்தப் புத்தகங்கள் உதவியதை மூத்தோர் அறிவர்.

குடும்பமும் ஆளும்

முதலாவது கொப்பி குடும்ப அட்டவணை. இதில் மிகக் குறைவாகவே எழுத வேண்டும்: குடும்ப இலக்கம், பதிவு செய்த திகதி, குறிப்பு. அவ்வளவுதான். தலைவர் பெயரும் முகவரியும் இங்கே வேண்டாம்.

இரண்டாவது கொப்பி ஆள் அட்டவணை. ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை; நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் ஒன்று, எண்பது வயதுப் பாட்டிக்கும் ஒன்று. ஆள் இலக்கம், பெயர், தந்தை பெயர், பிறந்த திகதி, ஆணா பெண்ணா, தாயின் ஆள் இலக்கம், தந்தையின் ஆள் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், நிலை.

இலக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. தேசிய அடையாள அட்டை இலக்கம் இருக்கும்போது நாம் ஏன் இன்னோர் இலக்கம் கொடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு அடையாள அட்டை இல்லை. தொலைத்தவர்கள் பலர். அத்துடன், பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருந்தன. 2016 முதல் வழங்கப்படும் இலக்கத்தில் பன்னிரண்டு இலக்கங்கள். ஆகவே ஒரே ஆளுக்கு இரண்டு வடிவம் எழுதப்படலாம். மேலும் அந்த இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும் நாளும் மறைந்திருக்கின்றன. பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பிறந்த திகதி பிழையாகப் பதியப்பட்டு பின்னர் திருத்தப்பட்டால் இலக்கமும் மாறிவிடும். எனவே அடையாள அட்டை இலக்கத்தை ஒரு நிரலில் எழுதி வையுங்கள், ஆனால் அதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

நாம் கொடுக்கும் இலக்கம் வெறும் வரிசை இலக்கமாக இருக்கட்டும்: 1, 2, 3 என்று. அதற்குள் கிராமத்தின் பெயரையோ முகாமின் பெயரையோ சுருக்கிப் புகுத்த வேண்டாம். சிலர் அழகுக்காக அப்படிச் செய்வதுண்டு. முகாம் மூடப்பட்ட பின்னும் அந்தக் குடும்பம் முகாமின் பெயரைச் சுமந்து திரிய வேண்டுமா? ஒருவர் இறந்தாலும் வெளிநாடு போனாலும் அவருடைய இலக்கத்தை வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது. பாடப்புத்தகத்தில் முதன்மைச் சாவி என்று கூறுவது இதைத்தான். அதே இலக்கம் வேறோர் அட்டவணையில் வந்து நின்றால் அது அந்நியச் சாவி.

பெயர் விடயத்தில் கணனிக்கு வெளிநாட்டில் வகுத்த படிவங்கள் எம்மைத் தடுமாற வைக்கும். குடும்பப் பெயர் என்று ஒரு நிரல் கேட்பார்கள். எம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இல்லை. தகப்பனின் பெயர் முன்னே வருகிறது. கலியாணத்துக்குப் பின் பெண்ணுக்குக் கணவன் பெயர் வருகிறது. ஆகவே ஒரே வீட்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் பாட்டிக்கும் முன்னெழுத்து வேறு வேறாக இருக்கும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளபடி பெயரை ஒரு நிரலிலும், தந்தை பெயரை முழுமையாக இன்னொரு நிரலிலும், ஊரில் கூப்பிடும் பெயரை மூன்றாவதிலும் எழுதுங்கள். கூப்பிடும் பெயர் வேடிக்கையல்ல. காணாமற்போன ஒருவரைத் தேடும்போது முதலில் பயன்படுவது அதுவே. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு பத்திரத்திலும் வேறாக இருந்தால் அடையாள அட்டையில் உள்ளதை அப்படியே பிரதி செய்யுங்கள். நீங்கள் திருத்த வேண்டாம்.

பிறந்த திகதி தெரியாவிட்டால் சனவரி 1 என்று போடும் பழக்கம் உண்டு. அது பொய்த் திகதி. பத்து வருடத்தின் பின் அதுவே உண்மையாகிவிடும். ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டை மட்டும் எழுதி, மதிப்பீடு என்று குறியுங்கள்.

யார் எந்த வீட்டில்

மூன்றாவது கொப்பிதான் இந்த முறையின் உயிர். அதை அங்கத்துவ அட்டவணை என்போம். நிரல்கள் நான்கு: ஆள் இலக்கம், குடும்ப இலக்கம், சேர்ந்த திகதி, விலகிய திகதி.

ஓர் உதாரணத்தை எடுப்போம். பலாலிப் பக்கத்தில் செம்மண் தோட்டக்காணி உள்ள ஒரு குடும்பம். இப்போது மல்லாகத்தில் வாடகைக்கு இருக்கிறது. எமது இடாப்பில் அதன் இலக்கம் 27 என்று வைப்போம். தகப்பன், தாய், தாயின் தாய், இரு மகள்மார், ஒரு மகன். அங்கத்துவ அட்டவணையில் இலக்கம் 27க்கு ஆறு நிரைகள் இருக்கும். மூத்த மகள் கலியாணம் முடித்துக் கிளிநொச்சிக்குப் போகிறாள். அவளுடைய நிரையில் விலகிய திகதியை எழுதுகிறோம். புதிய குடும்பத்துக்கு 64 என்று இலக்கம் கொடுத்து, அதே ஆள் இலக்கத்தோடு புதிய நிரை எழுதுகிறோம். எதையும் வெட்டவில்லை. அவள் எங்கே பிறந்தாள், எப்போது போனாள், இப்போது எங்கே என்பதெல்லாம் இருக்கிறது. ஆள் அட்டவணையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

குடும்பம் என்று எதைக் கொள்வது என்பதில் சங்கக் கூட்டங்களில் வாக்குவாதம் வரும். ஒரே அடுப்பில் சமைத்து உண்போர் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. கொழும்பில் வேலை செய்து மாதாமாதம் பணம் அனுப்பும் மகனை அந்த அடுப்பிலிருந்து பிரிக்க வேண்டாம். அவர் தங்கும் இடத்தை முகவரி அட்டவணையில் காட்டலாம்.

தலைவர் என்ற நிரலை நாம் எங்கும் வைக்கவில்லை என்பதை வாசகர்கள் அவதானித்திருப்பார்கள். அது தவறிப்போனதல்ல. தலைவரை வைத்து, மற்றவர்களை அவருக்கு மனைவி, மகன், மாமி என்று எழுதினால், அவர் மறைந்த அன்றே எல்லா உறவும் பிழையாகிவிடும். மாமி உண்மையில் தாயாகிவிடுவார்! தாய் தந்தையின் ஆள் இலக்கங்களை எழுதி வைத்தால் எந்த உறவையும் பின்னர் கண்டுபிடிக்கலாம். இதைவிடப் பாரமான காரணமும் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவன்மாருக்கே எழுதப்பட்டன. பெண்ணின் சீதனக் காணியில் பெண்ணின் வீடு என்ற வழமை உள்ள கிழக்கில் இது எவ்வளவு தாக்கத்தை உண்டாக்கியது என்பதை அங்குள்ள பெண்கள் அமைப்புகள் எடுத்துக் கூறியுள்ளன. அரசாங்கப் படிவம் தலைவர் யார் என்று கேட்டால் அந்த நேரத்தில் குடும்பம் தீர்மானித்துச் சொல்லட்டும். எமது இடாப்பு அதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியதில்லை.

நிலை என்ற நிரலில் இருக்கிறார், இறந்தார், காணாமற்போனார் என்ற மூன்றில் ஒன்றைத் திகதியோடு எழுதலாம். காணாமற்போனவரின் நிரையை ஒருபோதும் நீக்கக் கூடாது. அவருடைய மனைவியை விதவை என்று எழுதும் உரிமை எமக்கு இல்லை. காணாமற்போனமையை அத்தாட்சிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெறுவதற்கு 2016இல் சட்டத்தில் இடமளிக்கப்பட்டது. அதைப் பெற்றவர்கள் இருந்தால் குறிப்பில் எழுதுங்கள். இறுதியாக எங்கே, எப்போது காணப்பட்டார் என்பதை அந்த வீட்டார் சொல்லும் வார்த்தையிலேயே பதியுங்கள்.

இருந்த இடமும் இருக்கும் இடமும்

நான்காவது கொப்பி முகவரிக்கு. குடும்ப இலக்கம் (தனியாக வேறிடத்தில் இருப்பவராயின் ஆள் இலக்கம்), முகவரியின் வகை, கிராம அலுவலர் பிரிவு, பிரதேச செயலாளர் பிரிவு, வீதி, தொடங்கிய திகதி, முடிந்த திகதி. வகையில் சொந்த இடம், தற்போது இருக்கும் இடம், கடிதம் கிடைக்கும் இடம் என மூன்றுக்கும் இடம் வையுங்கள்.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே மன்னாரில் காணி வைத்திருந்தார்கள். நீங்கள் புத்தளமா மன்னாரா என்று அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. இரண்டும் உண்மை. ஒரே ஒரு முகவரி நிரல் உள்ள படிவம் அவர்களை ஓர் ஊரைக் கைவிடச் செய்தது. எமது அட்டவணையில் இரண்டு நிரைகள் எழுதினால் போதும்.

பழைய முகவரியை வெட்ட வேண்டாம், முடிந்த திகதியை மட்டும் எழுதுங்கள். இலக்கம் 27 குடும்பத்துக்குப் பலாலி, சாவகச்சேரி, மல்லாகம் என்று மூன்று நிரைகள் வரும்போது, அதுவே அவர்களின் இடப்பெயர்வு வரலாறாகிவிடும். எப்போது இடம்பெயர்ந்தீர்கள், இடையில் எங்கே இருந்தீர்கள் என்று அதிகாரிகள் கேட்கும்போது நினைவிலிருந்து சொல்வதைவிட, திகதியோடு எழுதியதைக் காட்டுவது பலமானது. திகதி சரியாகத் தெரியாவிட்டால் பெரும்போக விதைப்புக்கு முன், மடுத் திருவிழாவுக்குப் பின் என்றாவது எழுதுங்கள்.

காணி விபரத்தை முகவரியோடு கலக்க வேண்டாம். காணி ஆளுக்கு உரியது. நாம் கூறிய குடும்பத்தில் பலாலித் தோட்டம் பாட்டியின் சீதனம். தகப்பனின் பெயரில் ஒரு பரப்பும் இல்லை. உறுதி, அனுமதிப் பத்திரம் பற்றிய பதிவுக்குத் தனி அட்டவணை வேண்டும். அதை வேறோர் இதழில் எடுத்துக்கொள்வோம்.

ஐந்தாவது கொப்பி தொலைபேசிக்கு. ஓர் இலக்கத்துக்கு ஒரு நிரை. யாருடையது, எந்த நேரத்தில் பேசலாம், இறுதியாகச் சரிபார்த்த திகதி. அயலவரின் தொலைபேசி என்றால் அப்படியே எழுதுங்கள். விதைநெல் வந்த செய்தியை அங்கே சொல்லலாம், வழக்கு விடயத்தைச் சொல்ல முடியாது. கணனியில் பதிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நிரலை எழுத்து என்று முன்னரே குறிக்காவிட்டால், 021 என்று தொடங்கும் இலக்கத்தைக் கணனி 21 என்று சுருக்கிவிடும். எமது தொலைபேசி இலக்கங்கள் பத்து இலக்கம் கொண்டவை. ஒன்பது மட்டும் தெரிந்தால் முன்னால் உள்ள பூச்சியம் போய்விட்டது என்று அறியுங்கள். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளின் இலக்கத்தை நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும், அவர்களோடு வசிக்காத ஓர் உறவினரின் இலக்கத்தையும் கேட்டு வாங்குவது நல்லது. எல்லோரும் ஒரே இரவில் வெளியேற நேர்ந்தால் தொடர்பு மிஞ்சுவது அவரிடம்தான்.

யார் கையில் இருக்க வேண்டும்

இடாப்பு ஆபத்தான பொருளும்கூட. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றார்கள். அதை அறிந்த நாம், தேவையில்லாத ஒன்றையும் எழுதக் கூடாது. சமயம் என்ற நிரலை நாம் வைக்கவில்லை. பசளையும் விதையும் பகிர அது தேவையில்லை. சாதி, கட்சி, யார் எந்த இயக்கத்தில் இருந்தார், யாருக்கு என்ன நோய் என்பனவும் வேண்டாம். ஒரு நிரலை வைக்குமுன், இதை வைத்து நாம் என்ன உதவி செய்யப்போகிறோம் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் நிரலும் இல்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விபரத்தை என்ன நோக்கத்துக்காகச் சேகரிக்கிறோமோ அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கையை வகுத்துள்ளது. உதவி நிறுவனம் ஒன்று பட்டியல் கேட்டால் ஐந்து கொப்பிகளையும் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். பெயர் கேட்டால், அந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பக்கங்களைப் படம் பிடித்துத் தொலைபேசிக் குழுக்களில் போடுவதை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

பிரதி ஒன்று வேறோர் ஊரில் இருக்கட்டும். ஆலயங்களும் கந்தோர்களும் எரிந்தபோது அங்கிருந்த பதிவேடுகளும் எரிந்தன. செயலாளரின் வீட்டிலும், பக்கத்துப் பங்கின் இரும்புப் பெட்டியிலுமாக இரண்டு இடத்தில் வைப்பது போதுமானது. கணனியில் இருந்தால் கடவுச்சொல் இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டுமல்ல, பத்துப் பேருக்கும் அல்ல.

தொடங்குவதற்குப் பத்து வீடுகள் போதும். ஒரு மாலைக்கு இரண்டு வீடு என்று வைத்தால் ஒரு வாரத்தில் முடியும். முதலில் ஆட்களை எழுதுங்கள், பாட்டியிலிருந்து தொடங்குங்கள். தலைமுறை வரிசை தானாகவே வந்துவிடும். எழுதியதை அந்த வீட்டாருக்கு வாசித்துக் காட்டி, திருத்தம் கேட்டு, குடும்ப இலக்கத்தை ஒரு சிறு துண்டில் எழுதித் தாயின் கையில் கொடுங்கள். அதன்பின் வருடம் ஒருமுறை, காலபோக அறுவடை முடிந்து ஆட்கள் வீட்டில் இருக்கும் நாட்களில், அல்லது தவக்காலத்தில் வீடுகளைச் சந்திக்கும் வழக்கம் உள்ள பங்குகளில் அந்தச் சந்திப்போடு சேர்த்து, தொலைபேசிக் கொப்பியையும் முகவரிக் கொப்பியையும் மட்டும் கொண்டுபோய்ச் சரிபார்த்தால் போதும். மற்றவற்றில் பிறப்பு, இறப்பு, கலியாணம் நடந்த வீட்டுக்கு மட்டுமே எழுத்து வேலை இருக்கும்.